கெட்டுப்போன விர்ச்சுவல் மெஷின் டிஸ்க் கோப்பை மீட்பது எப்படி?

மின்சாரம் திடீரென்று நின்று கணினி அணைந்திருக்கும், அல்லது டிஸ்க்கில் இடம் தீர்ந்து விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) பாதியில் உறைந்திருக்கும். மறுபடி, அதை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸையோ விஎம்வேரையோ திறந்தால், இதுவரை ஒழுங்காக ஓடிய மெஷின் கிளம்ப மறுக்கிறது. திரையில் புரியாத பிழைச் செய்தி ஒன்று நிற்கிறது. உள்ளே மாதக்கணக்கான வேலை இருக்கலாம்.

பதற்றத்தில் பலரும் இணையத்தில் கண்ட முதல் கட்டளையை ஓட்டிப் பார்ப்பார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள். மெஷினின் டிஸ்க் நம் கணினியில் ஒரு கோப்பாகத்தான் இருக்கிறது, அதுதான் டிஸ்க் கோப்பு. 'டிஸ்க் கோப்பு கெட்டுவிட்டது' என்று நாம் சொல்வதற்குள் நான்கு வேறு கோளாறுகள் இருக்கலாம். ஹோஸ்ட் கணினியின், அதாவது மெஷினை ஓட்டும் நம் கணினியின், நிஜ டிஸ்க்கே பழுதாகி இருக்கலாம். மெஷினின் அமைப்புக் கோப்பு கெட்டிருக்கலாம், அல்லது ஸ்னாப்ஷாட் (மெஷினின் ஒரு நொடி நிலையைச் சேமித்து வைப்பது) சங்கிலி அறுந்திருக்கலாம். டிஸ்க் கோப்பின் தலைப்புப் பகுதி சிதைந்திருக்கலாம். அல்லது கோப்பு நன்றாகவே இருந்து, உள்ளே இருக்கும் விண்டோஸின் அல்லது லினக்ஸின் கோப்பு முறைமை (கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் ஒழுங்கு) மட்டும் குழம்பியிருக்கலாம். ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு விஷமாகிவிடும். அதனால் எந்த அடுக்கில் கோளாறு என்று முதலில் கண்டுபிடிப்போம், பிறகு கை வைப்போம்.

முதல் படி: நகல் எடுங்கள்

மெஷினை முழுமையாக அணைத்துவிட்டு, விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளையும் மூடுங்கள். டிஸ்க் கோப்பை மட்டும் எடுத்தால் போதாது. மெஷினின் ஃபோல்டரை முழுதாக வேறொரு டிரைவுக்கு நகலெடுங்கள். ஸ்னாப்ஷாட், அமைப்புக் கோப்பு, பதிவுக் கோப்பு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. நகல் போகும் பென்டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் உள்ள டிரைவைப் பயன்படுத்துங்கள். முடிந்ததும் அசல் கோப்பு, நகல் கோப்பு இரண்டின் அளவும் பைட் கணக்கில் ஒன்றா என்று பாருங்கள்.

நகலெடுக்கும்போதே 'உள்ளீடு வெளியீடு பிழை' என்று வந்து நின்றால், கோளாறு நிஜ டிஸ்க்கில் இருக்கிறது. அப்போது சாதாரண நகலெடுப்பை மறுபடி மறுபடி முயலக் கூடாது. சாகப்போகும் டிஸ்க்கை அது இன்னும் வதைக்கும். லினக்ஸில் கிடைக்கும் ஜிஎன்யு டிடிரெஸ்க்யூ இதற்காகவே எழுதப்பட்டது. நன்றாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, அடம்பிடிக்கும் பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். எதுவரை முடித்தது என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைப்பதால், நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இனி சொல்லும் எல்லாமே அந்த நகலில்தான். அசலைத் தொட வேண்டாம்.

இரண்டாம் படி: உண்மையிலேயே கெட்டிருக்கிறதா?

பல நேரம் டிஸ்க் கோப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஹோஸ்டில் இடம் தீர்ந்திருந்தால், தேவையற்ற கோப்புகளை நீக்கி இடம் உண்டாக்கினாலே நிறுத்தி வைக்கப்பட்ட மெஷின் தொடர்ந்து ஓடக்கூடும். விஎம்வேரில் 'கோப்பு வேறெங்கோ பயன்பாட்டில் இருக்கிறது' என்று வந்தால், ஃபோல்டரில் எல்சிகே என்று முடியும் பூட்டு ஃபோல்டர்கள் மிச்சமிருக்கின்றனவா பாருங்கள். விஎம்வேர் எங்கும் ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு அவற்றை நகர்த்திவைத்தால் போதும்.

விர்ச்சுவல்பாக்ஸ் பட்டியலில் மெஷின் 'இன்அக்சஸிபிள்' (அணுக முடியவில்லை) என்று காட்டினால், ஃபோல்டரில் விபாக்ஸ் என்று முடியும் அமைப்புக் கோப்பைப் பாருங்கள். மின்வெட்டுக்குப் பிறகு அது வெறுமையாகக் கிடப்பதுண்டு. பக்கத்திலேயே விபாக்ஸ்-பிரெவ் என்று முந்தைய பதிப்பு இருக்கும். வெறுமையானதை வேறு பெயரில் ஒதுக்கிவிட்டு, முந்தையதன் பெயரிலிருந்து 'பிரெவ்' பகுதியை எடுத்துவிடுங்கள். சேமித்த நிலையிலிருந்து எழுவதில்தான் சிக்கல் என்றால், 'டிஸ்கார்ட் சேவ்டு ஸ்டேட்' என்பதைத் தேர்ந்து மெஷினைப் புதிதாகக் கிளப்பலாம். அந்த நொடியில் திறந்திருந்த, சேமிக்காத வேலைகள் போய்விடும். டிஸ்க்கில் எழுதப்பட்டவை இருக்கும்.

மூன்றாம் படி: ஸ்னாப்ஷாட் சங்கிலி

ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து மூல டிஸ்க் கோப்பில் எதுவும் எழுதப்படுவதில்லை. மாற்றங்கள் எல்லாம் இன்னொரு கோப்புக்குப் போகின்றன, அதைப் பிள்ளைக் கோப்பு என்போம். அதனால் மூலக் கோப்பை மட்டும் ஒரு புது மெஷினில் மாட்டினால், முதல் ஸ்னாப்ஷாட் எடுத்த நாளின் நிலைதான் தெரியும். 'என் கோப்புகளைக் காணோம்' என்று அப்போது பயந்துவிட வேண்டாம். ஆனால் அந்த மூலக் கோப்பிலிருந்து மெஷினைக் கிளப்பினால் அதில் புதிதாக எழுதப்படும். பிறகு பிள்ளைக் கோப்புகள் அதோடு ஒட்டாது. நகலில் வேலை செய்யச் சொன்னதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

விஎம்வேரில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் சிஐடி என்று ஓர் அடையாள எண் உண்டு. பிள்ளைக் கோப்பில் உள்ள பேரன்ட்சிஐடி, மூலத்தின் சிஐடியோடு ஒத்துப்போக வேண்டும். மூலத்தில் உண்மையில் எதுவும் மாறவில்லை என்று தெரிந்தால் மட்டும் அந்த எண்ணைத் திருத்துங்கள். மாறியிருந்தால், எண்ணைத் திருத்துவது பிழைச் செய்தியை மட்டுமே மறைக்கும். உள்ளே குழப்பம் அப்படியே இருக்கும்.

நான்காம் படி: டிஸ்க் கோப்பைச் சரிசெய்தல்

இங்கே வடிவத்துக்கு வடிவம் வேறுபடும். டிஸ்க் கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்பதைப் பார்த்து வடிவத்தை அறியலாம். டிஸ்க் கோப்பில், எந்தத் தரவு எங்கே இருக்கிறது என்ற அட்டவணை ஒன்று இருக்கும். பெரும்பாலும் சிதைவது அதுதான். பொருளடக்கம் கிழிந்த புத்தகம் போல, பக்கங்கள் உள்ளே இருக்கும்.

விஎம்டிகே: இதில் ஒரு வகையில், பெரிய தரவுக் கோப்பு ஒன்றும் அதை விவரிக்கும் சின்ன உரைக் கோப்பு ஒன்றும் தனித்தனியாக இருக்கும். தரவுக் கோப்பின் பெயர் 'ஃபிளாட்' என்று முடிந்தால் அது இந்த வகை. உரைக் கோப்பு தொலைந்தாலோ சிதைந்தாலோ மீட்பது சுலபம். தரவுக் கோப்பின் அளவை பைட்டில் பாருங்கள். 21474836480 என்று இருக்கிறது என்று வையுங்கள். அதை 512 ஆல் வகுத்தால் 41943040. இதுதான் செக்டர் (512 பைட் துண்டு) எண்ணிக்கை, அதாவது சரியாக 20 ஜிபி டிஸ்க். விஎம்வேரில் அதே 20 ஜிபி அளவில், முழு இடத்தையும் முன்பே ஒதுக்கி, ஒரே கோப்பாகப் புது டிஸ்க் ஒன்றை உருவாக்குங்கள். அதன் உரைக் கோப்பை மட்டும் எடுத்து, உள்ளே 41943040 என்ற எண் இருக்கும் வரியில் உங்கள் தரவுக் கோப்பின் பெயரை எழுதி, பழைய உரைக் கோப்பின் பெயரில் சேமியுங்கள். கோப்புப் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் திறக்காது. இரண்டும் ஒரே கோப்பாக இருக்கும் வகைக்கு, விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷனோடு வரும் விடிஸ்க்மேனேஜர் கருவியில் பெரிய எழுத்து 'ஆர்' என்ற விருப்பம் பழுதுநீக்கும்.

கியூகவ்2: இது கியூஎமு என்ற மென்பொருளின் வடிவம். அதன் கியூஎமு-இமேஜ் கருவியின் 'செக்' கட்டளையை முதலில் வெறுமனே ஓட்டுங்கள், அது பார்த்துச் சொல்வதோடு நிற்கும். 'லீக்' மட்டும் இருப்பதாகச் சொன்னால் கவலையில்லை, இடம்தான் வீணாகிறது. 'கரப்ஷன்' என்று சொன்னால், நகலில் 'ஆர்' விருப்பத்துக்கு 'ஆல்' கொடுத்துச் சரிசெய்யலாம். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்தால் நல்ல கோப்பும் நாசமாகும்.

விஹெச்டிஎக்ஸ்: மின்வெட்டைத் தாங்குவதற்காகவே இதற்குள் ஒரு பதிவேடு இருக்கிறது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் 'அட்டாச் விஹெச்டி' மூலம் நகலை, படிக்க மட்டும் என்ற விருப்பம் இல்லாமல் இணைத்தால், பாதியில் நின்ற எழுதும் வேலையை அதுவே முடித்துக்கொள்ளும்.

விஹெச்டி: இந்தப் பழைய வடிவத்தில் கடைசி 512 பைட்டில்தான் டிஸ்க்கின் விவரம் இருக்கிறது. நிலையான அளவுள்ள வகையில் அது போனாலும் கலங்க வேண்டாம். தரவு கோப்பின் முதல் பைட்டிலிருந்தே நேராக அடுக்கியிருக்கும், அதை வெறும் ரா டிஸ்க்காக (கூடுதல் விவரம் இல்லாமல் தரவு மட்டும் இருக்கும் வடிவம்) படித்துவிடலாம்.

விடிஐ: இதற்கு நம்பிக்கையான பழுதுநீக்கும் கருவி குறைவு. விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் விபாக்ஸ்மேனேஜ் கருவியின் 'குளோன்மீடியம்' கட்டளையால் புது விடிஐ ஆகவோ ரா வடிவத்துக்கோ நகலெடுத்துப் பாருங்கள். அது மறுத்தால் கியூஎமு-இமேஜின் 'கன்வர்ட்' கட்டளையால் முயலலாம்.

ஐந்தாம் படி: உள்ளே இருப்பதை எடுத்தல்

மெஷின் பழையபடி கிளம்ப வேண்டும் என்பதைவிட, உங்கள் கோப்புகள் கைக்கு வருவதுதான் முக்கியம். கிளம்பாத மெஷினோடு மல்லுக்கட்டுவதற்கு முன், 7-ஜிப் மென்பொருளில் டிஸ்க் கோப்பைத் திறந்து பாருங்கள். விடிஐ, விஎம்டிகே, விஹெச்டி, கியூகவ்2 எல்லாவற்றையும் அது திறக்கும். உள்ளே உள்ள பார்ட்டிஷனை (டிஸ்க்கைப் பிரித்த ஒரு பகுதி) திறந்தால் ஃபோல்டர்கள் வரிசையாகத் தெரியும். தேவையானதை இழுத்து வெளியே போட்டுவிடலாம். ஸ்னாப்ஷாட்டின் பிள்ளைக் கோப்புகளுக்கு இந்த வழியை நம்ப வேண்டாம்.

அதுவும் முடியாவிட்டால், ஒரு புது மெஷின் உருவாக்கி, ஜிபார்ட்டட் லைவ் (பார்ட்டிஷன்களைக் கையாளும் இலவச லினக்ஸ்) ஐஎஸ்ஓ கோப்பிலிருந்து கிளப்பி, நகலை இரண்டாவது டிஸ்க்காக மாட்டுங்கள். லினக்ஸ் பார்ட்டிஷன் என்றால் அதில் வலது கிளிக் செய்து 'செக்' கொடுத்தால் கோப்பு முறைமையைச் சரிபார்த்துத் திருத்தும். விண்டோஸ் டிஸ்க் என்றால் இன்னொரு விண்டோஸ் மெஷினில் மாட்டி, விண்டோஸின் சொந்தச் சரிபார்ப்புக் கருவியான செக்டிஸ்க் ஓட்டுவது நல்லது.

பார்ட்டிஷனே தெரியாவிட்டால் டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்புக் கருவி. தொலைந்த பார்ட்டிஷன்களைத் தேடிப் பட்டியலிடும், அதற்குள் இருக்கும் கோப்புகளை அங்கிருந்தே நகலெடுக்கவும் விடும். அதனோடு வரும் ஃபோட்டோரெக் கடைசி வழி. கோப்பு முறைமையைப் பார்க்காமல், கோப்புகளின் தொடக்க அடையாளங்களை வைத்துத் தேடி எடுக்கும். படங்களும் ஆவணங்களும் கிடைக்கும், ஆனால் பெயரும் ஃபோல்டரும் போயிருக்கும். எடுப்பதை எப்போதும் வேறு டிரைவில் சேமியுங்கள்.

கிடைத்த பிறகு

பழுதுபார்த்த மெஷினில் வேலையைத் தொடராதீர்கள். புது மெஷின் உருவாக்கி, மீட்ட கோப்புகளை அதற்கு மாற்றுங்கள். முக்கியமான கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பெயரும் அளவும் சரியாக இருந்தும் உள்ளே வெறும் பூஜ்ஜியங்கள் நிரம்பிய கோப்புகள் இப்படி மீட்கும்போது வருவதுண்டு. தரவுத்தளம் இருந்தால் அதன் சொந்தச் சரிபார்ப்புக் கருவியை ஓட்டுங்கள். எல்லாம் திறக்கிறது என்று உறுதியான பிறகும் சில வாரங்களுக்கு அந்த அசல் ஃபோல்டரை அழிக்காமல் வைத்திருங்கள். ஏதோ ஒரு கோப்பு விட்டுப்போனது அப்போதுதான் நினைவுக்கு வரும்.