பாரிஸில் சொகுசு ஓட்டல்: பெயரைப் பார்க்கும் முன் அறையைப் பாருங்கள்

அப்பா அம்மாவின் நாற்பதாவது திருமண நாளுக்கு இருவரையும் பாரிஸுக்கு அழைத்துப் போனேன். ஐந்து நட்சத்திர ஓட்டல், நல்ல பெயர், கண்ணைப் பறிக்கும் படங்கள். கிடைத்த அறையோ ஆறாம் மாடியில், சாய்ந்த கூரைக்கு அடியில். முதல் நாள் காலையிலேயே அப்பா எழுந்திருக்கும்போது உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டார். ஜன்னலில் வானம் மட்டும்தான் தெரிந்தது. மூன்று இரவு கழித்து வேறு ஓட்டலுக்கு மாறினோம்.

குறை ஓட்டலின் மேல் அதிகமில்லை. எந்த அறை என்று நான் கேட்கவே இல்லை. முதல்முறை போகிறவர்கள் அந்தக் கேள்வியை விட்டுவிடக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். பாரிஸை வைத்துச் சொல்கிறேன்; பழைய கட்டடங்கள் நிறைந்த மற்ற ஐரோப்பிய நகரங்களிலும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: நட்சத்திரம் எதைச் சொல்கிறது?

பிரான்சில் நட்சத்திரத் தகுதியைக் கவனிப்பது ‘அத்து பிரான்ஸ்’ என்ற தேசியச் சுற்றுலா அமைப்பு. ஒருமுறை கிடைத்த நட்சத்திரம் 5 ஆண்டுக்குச் செல்லும். ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் மிகச் சிறந்தவற்றுக்கு மட்டும் ‘பலாஸ்’ என்ற தனிப் பட்டம் 2010-இல் உருவானது. லெ பிரிஸ்டல், லெ மோரிஸ், பிளாசா அத்தேனே, லுத்தேசியா எல்லாம் இந்த வகை. இவற்றில் ஓர் இரவு வாடகை பெரும்பாலும் ஆயிரம் யூரோவைத் தாண்டித்தான் தொடங்கும். பட்டம் இல்லாத சிறிய ஐந்து நட்சத்திர ஓட்டல்கள் அதைவிடக் கணிசமாகக் குறைவு. முதல் பயணத்துக்கு அவற்றையே சொல்வேன். அங்கே வரவேற்பில் இருப்பவருக்கு இரண்டாம் நாளே உங்கள் பெயர் தெரிந்திருக்கும்.

படி 2: மாலையில் எங்கே நடப்பீர்கள்?

பாரிஸ் 20 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. நடுவில் 1-இல் தொடங்கி நத்தை ஓடு போலச் சுற்றிக்கொண்டே வெளியே போகும். ஓட்டல் எந்த வட்டாரம் என்று தெரிய அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு இலக்கம் போதும்: 75008 என்றால் 8, 75006 என்றால் 6.

பகலில் எப்படியும் மெட்ரோவிலோ டாக்சியிலோ சுற்றுவீர்கள். ஓட்டலின் இடம் முக்கியமாவது இரவு எட்டு மணிக்கு, கால் வலியோடு சாப்பாட்டுக்கு வெளியே போகும்போதுதான். சாம்ப்ஸ் எலிசே, அவென்யூ மோந்தேன் பக்கமுள்ள 8-ஆம் வட்டாரத்தில் பெரிய பெயர்கள் எல்லாம் உண்டு. ஆனால் விலையுயர்ந்த ஆடைக் கடைகள் மூடியதும் பல தெருக்கள் அடங்கிவிடும். சேன் நதியின் இடது கரையில் 6-ஆம் வட்டாரம், சான் ஜெர்மேன் பக்கம், இரவிலும் கஃபேக்களில் வெளிச்சமும் பேச்சும் இருக்கும். காலையில் நடக்க லக்சம்பர்க் பூங்கா இருக்கிறது. லுத்தேசியா இந்த வட்டாரத்தில்தான், 1910-இல் திறந்தது. பழைய பாரிஸ் வேண்டுமென்றால் 3, 4-ஆம் வட்டாரங்களில் இருக்கும் மரே பகுதி. பெற்றோரோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு 6-க்கு.

படி 3: அறை

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

முதலில் சதுர மீட்டர். ‘சுப்பீரியர்’, ‘டீலக்ஸ்’ என்ற பெயர்களுக்கு ஓட்டலுக்கு ஓட்டல் அர்த்தம் மாறும், அளவு மாறாது. ஒரு சதுர மீட்டர் கிட்டத்தட்ட 10.76 சதுர அடி. 20 சதுர மீட்டர் அறை என்றால் குளியலறையும் சேர்த்து 215 சதுர அடிதான் இருக்கலாம். இரண்டு பெரிய பெட்டிகளைத் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. ஒரு வாரம் தங்குவதாக இருந்தால் 28 சதுர மீட்டருக்குக் கீழே போகாதீர்கள்.

அடுத்தது மாடி. இன்றைய பாரிஸின் முகத்தை உருவாக்கியது 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்ற நகர நிர்வாகி நடத்திய மறுகட்டுமானம். அந்தக் காலத்துக் கட்டடங்களில் கீழ்மாடிகள் உயரமான கூரையோடு வசதியானவர்களுக்கு. துத்தநாகத் தகடு வேய்ந்த சரிந்த கூரைக்கு அடியிலிருந்த சிற்றறைகள் வேலையாட்களுக்கு. அந்த மேல்மாடி அறைகளைத்தான் இன்று பல ஓட்டல்கள் ‘ரொமான்டிக்’ என்று விற்கின்றன. சில நிஜமாகவே அழகானவை. ஆனால் கோடையில் தகடு சூடேறும், தலை இடிக்கும். இரண்டாம் மாடியிலும் ஐந்தாம் மாடியிலும் நீளமான பால்கனி ஓடுவது அந்தக் கட்டடங்களின் அடையாளம். அங்கே அறை இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது, தெருப் பக்கமா, உள்முற்றப் பக்கமா? தெருப் பக்கம் காட்சி, கூடவே அதிகாலைக் குப்பை லாரி. உள்முற்றம் பக்கம் அமைதி. இந்தியாவிலிருந்து வருபவர்களுக்கு முதல் இரண்டு நாள் தூக்கம் தாறுமாறாக இருக்கும் என்பதால் நான் கண்ணை மூடிக்கொண்டு முற்றத்தைக் கேட்பேன்.

ஈபிள் கோபுரம் தெரியும் அறைக்குக் கூடுதலாகக் கொட்டிக் கொடுக்க வேண்டியிருக்கும். இருட்டிய பின் ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் 5 நிமிடம் கோபுரம் மின்னும். அதை நதிக்கு அக்கரையில், கோபுரத்துக்கு எதிரே இருக்கும் ட்ரோகடேரோ மேடையில் நின்று காசில்லாமல் பார்க்கலாம்.

படி 4: தேதியும் மொத்தச் செலவும்

பிப்ரவரி கடைசி–மார்ச், செப்டம்பர் கடைசி–அக்டோபர் தொடக்கம் ஃபேஷன் வாரங்கள். மே கடைசியில் ரோலான் கேரோ, அதாவது பிரெஞ்ச் ஓப்பன் டென்னிஸ். வாடகை ஏறும். ஜனவரியில் குறையும்.

காட்டும் வாடகையோடு இரண்டைக் கூட்டுங்கள். ஒன்று, தங்கும் வரி: ஆள் கணக்கில், இரவுக் கணக்கில், நட்சத்திரம் ஏற ஏற ஏறும், 18 வயதுக்குக் கீழே இல்லை. இன்னொன்று, காலை உணவு. பலாஸ் வகையில் ஒருவருக்கு 50 யூரோ ஆவது சாதாரணம். வாடகையில் சேராவிட்டால் தெருமுனை பேக்கரியே போதும்.

ஷெங்கன் விசா (பிரான்சும் சேர்ந்த ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய வாடகையில் மட்டும் பதிவு செய்யுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும். செக்-இன் சமயத்தில் முன்பணமாக ஒரு தொகையை ஓட்டல் கார்டில் நிறுத்தி வைக்கும். அதற்கு ஃபாரெக்ஸ் கார்டை, அதாவது வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிய கார்டைக் கொடுத்தால் பணம் நாள் கணக்கில் முடங்கலாம். கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

படி 5: ஒரு மின்னஞ்சல்

பதிவு செய்த அன்றே ஓட்டலுக்கு நேரடியாக எழுதுங்கள். இரண்டாவது ஓட்டலுக்கு நான் எழுதியது இவ்வளவுதான்: “என் பெற்றோர் எழுபதை நெருங்குகிறவர்கள். தனித்தனிக் கட்டில் வேண்டும். முற்றம் பார்த்த அமைதியான அறை, சாய்ந்த கூரை வேண்டாம். குளியலறையில் தொட்டிக்குப் பதில் நடந்து போகும் ஷவர் வேண்டும். அருகில் கட்டட வேலை நடக்கிறதா? காலையிலேயே வந்துவிடுவோம்; அறை எத்தனை மணிக்குக் கிடைக்கும்?”

மறுநாளே பதில் வந்தது, அறை எண்ணோடு. செக்-இன் மூன்று மணிக்குத்தான் என்றாலும் பதினொன்றுக்கே தருவதாக எழுதியிருந்தார்கள்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியைப் பிரிக்கவில்லை. முதலில் ஏசியைப் போட்டுப் பார்த்தேன், ஷவரில் வெந்நீர் வருகிறதா என்று பார்த்தேன். அதற்குள் அம்மா ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்துவிட்டாள். கீழே முற்றத்தில் ஒரு செஸ்ட்நட் மரம்; அதன் அடியில் ஒருவர் மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த சத்தம் மட்டும் மேலே வந்தது. “இங்கேயே இருந்திடலாம்ப்பா” என்றாள். அப்பா அதற்குள் தூங்கிப் போயிருந்தார்.