செட்டிநாட்டு வீட்டுக்கு ஸோன் ஸோனா ஸ்பீக்கர், பேஜிங் மைக், அதுக்கு ஒரு பாஸ்வேர்டு: புதுசா கட்டுறவங்களுக்கு

பள்ளத்தூர் பக்கம் ஒரு கல்யாண வீடு. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், பந்தி எல்லாம் முடிஞ்சு சனம் அசந்து படுத்திருக்கு, திடீர்னு வளவுல, அதாவது நடு முற்றத்தைச் சுத்தி, இருக்கற ஒரு ரூம்ல மட்டும் முழு சவுண்டுல குத்துப்பாட்டு. அந்த ரூம்ல படுத்திருந்தது இடுப்புல ஆபரேஷன் பண்ணி பத்து நாள் ஆன ஆச்சி. பதறி எந்திரிக்கப் பாத்துருக்காங்க, நல்லவேளை பேத்தி பக்கத்துல படுத்திருந்ததால தாங்கிப் பிடிச்சுட்டா. நான் ஓடிப் போய்ப் பாக்குறப்ப ஆச்சிக்கு கை நடுக்கம் நிக்கவே இல்ல. விசாரிச்சா விருந்துக்கு வந்த ஒரு பையன், வீட்டு வைஃபைல இருந்துக்கிட்டே போன்ல ஆம்ப்போட செட்டிங் பக்கத்தைத் திறந்து, அட்மின்னு ரெண்டு தடவை அடிச்சிருக்கான், திறந்துருச்சு. அந்த செட்டைக் கட்டினது நான்தான். பாஸ்வேர்டு மாத்தாம விட்டதும் நான்தான்.

அன்னைல இருந்து நான் எந்த வீட்டுல செட் போட்டாலும் ரெண்டு கேள்விய முதல்ல ஒரு பேப்பர்ல எழுதிக்கிறேன். எந்த சத்தம் யாருக்குக் கேக்கணும், எந்த பட்டனை யார் தொடணும். காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை பக்கம் இப்ப நெறைய பழைய வீடு ஹோட்டலா மாறிட்டு வருது, கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடுறாங்க, எலக்ட்ரீஷியன் தம்பிங்க நெறைய பேர் இந்த வேலையக் கேட்டு வர்றாங்க, அவங்களுக்காகத்தான் முதல்ல இருந்து சொல்றேன்.

வீட்டை நடந்து பாருங்க

பொருள் வாங்குறதுக்கு முன்னாடி முகப்புல இருந்து பின்கட்டு வரைக்கும் ஒரு தடவை நடங்க. நம்ம வீடுங்க ஒரு தெருவுல வாசல் வச்சு அடுத்த தெருவுல பின்வாசல் வச்சுக் கட்டினது, முகப்புல நின்னு கத்தினா அடுப்படிக்குக் கேக்காது, ஆனா வளவுல நின்னு சாதாரணமா பேசினாலே சுத்தி இருக்கற எல்லா ரூமுக்கும் எதிரொலிக்கும். சுண்ணாம்புச் சாந்து சுவர் வழுவழுன்னு கண்ணாடி மாதிரி, கீழ ஆத்தங்குடி கல்லு, சத்தத்தை உறிஞ்ச அங்க ஒண்ணுமே கெடையாது. அதனால ரெண்டு பெரிய ஸ்பீக்கரை மூலைக்கு மூலை வச்சு அலற விட்டா பேச்சு கொழகொழன்னுதான் வரும். சின்ன ஸ்பீக்கரா நெறைய போட்டு, ஒவ்வொண்ணையும் ஆளுக்குப் பக்கத்துல, கம்மி சவுண்டுல வைக்கணும். இந்த வீடுகளுக்கு அதுதான் சரி.

நான் எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டை ஆறு ஸோனா, அதாவது சத்தத்தைத் தனித்தனியா ஏத்தி எறக்கக்கூடிய ஆறு பகுதியா, பிரிக்கிறேன்: முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு சாப்பாட்டு ஹால், அடுப்படி, மாடி வராந்தா, தோட்டம். முகப்புல வீணை மெல்லிசா ஓடலாம், அடுப்படிக்குப் பாட்டே வேணாம் அறிவிப்பு மட்டும் போதும், தோட்டம் ராத்திரி பத்து மணிக்கு நின்னுடணும். ராத்திரி 10-ல இருந்து காலை 6 வரைக்கும் வெட்டவெளில ஸ்பீக்கர் போடக்கூடாதுன்னு 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதியே இருக்கு, அதனால தோட்டத்தைத் தனி ஸோனா வச்சா அதை மட்டும் டைமர் போட்டு நிறுத்திடலாம்.

100 வோல்ட் லைன்னா என்ன

வீட்டு ஹோம் தியேட்டர்ல வர்ற 8 ஓம் ஸ்பீக்கரை இம்புட்டு தூரம் இழுத்தா நெறைய பவர் வயர்லயே போயிடும், நாலஞ்சு ஸ்பீக்கரை ஒண்ணா சேத்தா ஆம்ப்பும் சூடாயிடும். அதனால கோயில், ரயில்வே ஸ்டேஷன், பள்ளிக்கூடம் மாதிரி இடத்துல எல்லாம் 100 வோல்ட் லைன் போடுறாங்க. ஆம்ப்ல இருந்து வோல்டேஜை ஏத்தி அனுப்பி, ஒவ்வொரு ஸ்பீக்கர்லயும் இருக்கற குட்டி டிரான்ஸ்ஃபார்மர்ல எறக்கிக்கிறது, நம்ம ஈபி லைன் வேலை செய்யுற மாதிரியேதான். அந்த டிரான்ஸ்ஃபார்மர்ல 3 வாட், 6 வாட், 10 வாட்னு டேப் (tap, வயர் மாட்டுற முனை) இருக்கும், உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அந்த டேப்புல வயரை மாட்டுங்க. எல்லா ஸ்பீக்கரும் பேரலலாதான் போகும்.

கணக்கு ரொம்ப லேசு, வாட்டைக் கூட்டினா போதும். முகப்புல 2 ஸ்பீக்கர் 6 வாட்ல, 12. வளவுல 4 காலம் (column, தூண் மாதிரி நீளமான) ஸ்பீக்கர் 10 வாட்ல, 40. ரெண்டாங்கட்டும் அதே 40. அடுப்படில கிரைண்டர் சத்தத்தையும் தாண்டிக் கேக்கணும்னு ஒரு ஹாரன், 10. மாடில 6 சின்ன ஸ்பீக்கர் 3 வாட்ல, 18. தோட்டத்துல 2 ஸ்பீக்கர் 15 வாட்ல, 30. மொத்தம் 150. ஆம்ப்பை எப்பவும் 80 சதவீதத்துக்கு மேல ஏத்தக்கூடாது, அப்ப 150-க்கு 187.5 வாட் ஆவது வேணும், கடைல 250 வாட் ஆம்ப் கேளுங்க.

ஸ்பீக்கரோட பின்பக்கம் 8 ஓம்னு ஒரு முனையும் இருக்கும், சிலதுல 70 வோல்ட்னு ஒண்ணும் இருக்கும். 100 வோல்ட் லைனை 70 வோல்ட் முனைல குடுத்தா ரெண்டு மடங்கு பவர் இழுக்கும், ஒரு மாசம் ஓடும் அப்புறம் கரகரன்னு செத்துப்போகும். 8 ஓம்ல குடுத்துட்டீங்கன்னா இன்னும் மோசம், 100 பெருக்கல் 100 வகுத்தல் 8 போட்டுப் பாருங்க, 1250 வாட் வருது, அந்த இடத்துலயே காயில் கருகும் இல்ல ஆம்ப் டிரிப் ஆகும். புதுசா கட்டுற பத்து பேர் என்கிட்ட ஸ்பீக்கர் புகைஞ்சுருச்சுன்னு வந்தா பாதிப் பேர் கதை இதுதான், அதனால மாட்டுறதுக்கு முன்னாடி முனைல எழுதியிருக்கறதை டார்ச் அடிச்சு வாய்விட்டுப் படிங்க.

வயர் இழுக்குறப்ப

1.5 ஸ்கொயர் எம்எம் ரெண்டு கோர் வயர் நம்ம வீட்டு நீளத்துக்குப் போதும். ஒவ்வொரு ஸோனுக்கும் தனி வயர் ராக் (ஆம்ப் வைக்கிற அலமாரி) வரைக்கும் வரணும், நடுவுல ஒண்ணோட ஒண்ணு சேத்துடாதீங்க. கரண்ட் லைனோட ஒரே பைப்புல விடாதீங்க. பிளஸ் மைனஸ் எல்லா ஸ்பீக்கர்லயும் ஒரே மாதிரி இருக்கணும், ஒண்ணு மாறினாக்கூட பக்கத்து ஸ்பீக்கரோட சேந்து ரெண்டும் சப்புன்னு கேக்கும். பேருதான் ஸ்பீக்கர் வயர், ஆனா பாட்டு ஓடுறப்ப தொட்டா ஷாக் அடிக்கும், ஆம்ப்பை ஆஃப் பண்ணிட்டுத்தான் கை வைக்கணும்.

இதையும் சொல்லணும்: பர்மா தேக்குத் தூண்ல, செதுக்கு வேலை இருக்கற நிலைல தயவு செஞ்சு ட்ரில் போடாதீங்க. அந்த மரம் திரும்ப வராது. சுண்ணாம்புச் சுவர்லயும் சாதாரண பிளக் அடிச்சா கொட்டும், ஏற்கெனவே கரண்ட் பைப் போன இடம், பழைய ஃபேன் கொக்கி, உத்தரத்துக்கு மேல இருக்கற எடைவெளின்னு தேடிப் பாருங்க, கிளாம்ப் போட்டுப் பிடிக்கலாம்.

ஆம்ப் எதை வாங்கணும்

ரெண்டு வகை இருக்கு. ஸோன் செலக்டர் வச்ச சாதாரண ஆம்ப்ல ஒரே பாட்டுதான் எல்லா ஸோனுக்கும், எதுக்குப் போகணும் எதுக்குப் போகக்கூடாதுன்னு மட்டும் பட்டன். மேட்ரிக்ஸ் வகைல ஒவ்வொரு ஸோனுக்கும் தனிப் பாட்டு, தனி சவுண்டு, நெட்வொர்க்ல மாட்டி லேப்டாப்ல செட் பண்ணலாம், ஆனா அதுல ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனியா வாட் கணக்குப் பாக்கணும். கல்யாணத்துக்கு மட்டும்னா முதல் வகை போதும். ஹோட்டல்னா ரெண்டாவதுதான்.

பேஜிங் மைக்

பேஜிங் மைக்னா அறிவிப்பு சொல்ற மைக். அதோட பீடத்துலயே ஸோன் பட்டன் இருக்கற மாதிரி வாங்குங்க. அடுப்படியை மட்டும் அமுக்கி "ஆறு இலைக்குப் பணியாரம் அனுப்புங்க"ன்னு சொன்னா வளவுல தூங்குறவங்களுக்குத் தெரியவே கூடாது. மைக்குக்கு முதல் பிரியாரிட்டி குடுங்க, பேசுறப்ப பாட்டு தானா எறங்கி, விட்டதும் தானா ஏறணும். அறிவிப்புக்கு முன்னாடி வர்ற மணி அடிச்சு முடிஞ்சதும் ஒரு மூச்சு விட்டுட்டுப் பேசணும், வாயில இருந்து ஒரு சாண் தள்ளி, நிதானமா, ரெண்டு தடவை. எதிரொலிக்கிற வீட்டுல வேகமாப் பேசினா ஒரு வார்த்தை மேல இன்னொண்ணு ஏறி உக்காந்துக்கும்.

நீளமான வளவுல ஒரு கோடில நிக்கறவனுக்கு மறுகோடி ஸ்பீக்கர் சத்தம் தாமதமா வரும். சத்தம் ஒரு செகண்டுக்கு 343 மீட்டர்தான் போகும், 17 மீட்டர் போக 50 மில்லி செகண்ட் ஆகுது, கிட்டத்தட்ட அந்த அளவுல காது அதை ரெண்டாவது குரலாப் பிரிச்சுக் கேக்க ஆரம்பிச்சிடும். மேட்ரிக்ஸ்ல டிலே செட்டிங் இருந்தா பேசுற இடத்துல இருந்து தள்ளி இருக்கற ஸ்பீக்கருக்கு அந்தத் தூரத்துக்கேத்த டிலே குடுங்க.

ரூமுக்குள்ள சவுண்டு திருகு வைக்கிறீங்கன்னா ஓவர்ரைடு ரிலே (அறிவிப்பு வர்றப்ப திருகைத் தாண்டி சத்தத்தை விடுற ஸ்விட்ச்) உள்ளதா வாங்குங்க, பெரும்பாலும் 24 வோல்ட்ல ஓடும், அதுக்கு ஒரு ஜோடி வயர் கூட இழுக்கணும். இல்லேன்னா விருந்தாளி திருகை ஜீரோல வச்சுட்டுத் தூங்கினார்னா அடுப்படில தீப்பிடிச்சுருச்சுன்னு நீங்க கத்தினாலும் அவருக்குக் கேக்காது. ஐநூறு ஆயிரம் மிச்சம்னு இதை மட்டும் விட்டுடாதீங்க.

இப்ப பாஸ்வேர்டு

புது மெஷினை வீட்டு வைஃபைல மாட்டாதீங்க. லேப்டாப்ல இருந்து லேன் கேபிளை நேரா மெஷினுக்குக் குடுத்து, மேனுவல்ல இருக்கற ஐபி அட்ரஸை பிரவுசர்ல அடிச்சு உள்ள போங்க. அதே மேனுவல் நெட்ல எல்லாருக்கும் கிடைக்குது, அதுல டீஃபால்ட் பாஸ்வேர்டும் இருக்கு, அதனால முதல் வேலை அதை மாத்துறது. ரெண்டாவது வேலை ஃபர்ம்வேர் (மெஷினுக்குள்ள ஓடுற சாஃப்ட்வேர்) அப்டேட், கம்பெனி சைட்ல இருந்து மட்டும் எறக்கிப் போடுங்க.

பாஸ்வேர்டுக்கு வீட்டு விலாசத்தை, அதாவது குடும்பத்தோட இனிஷியல் எழுத்தை, வைக்காதீங்க. நம்ம ஊர்ல வாசல்ல, பாத்திரத்துல, பெட்டகத்துல எல்லாத்துலயும் அந்த எழுத்துதான் பொறிச்சிருக்கு, தெருவுல போறவனுக்கும் தெரியும். போன் நம்பர், கார் நம்பர், வீடு கட்டின வருஷம் எதுவும் வேணாம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலு தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல சேத்து எழுதுங்க, நீளமா இருக்கும், மனசுல நிக்கும், வேற எங்கயும் அதை வைக்காதீங்க.

அடுத்து ஆளுக்கு ஆள் தனி லாகின். அட்மின் வீட்டுக்காரருக்கும் கட்டினவருக்கும் மட்டும், அதுவும் நீங்க வேலைய முடிச்சுக் குடுத்ததும் அவரையே உக்கார வச்சுப் புது பாஸ்வேர்டு போடச் சொல்லிடுங்க. மேனேஜருக்கு சவுண்டு ஏத்தி எறக்குறது, ஸோன் மாத்துறது. ரிசெப்ஷன் பொண்ணுக்கு பேஜிங் மட்டும். ஒவ்வொரு ஸோனுக்கும் உச்ச சவுண்டு லிமிட் வைங்க, ஆச்சி ரூம் மாதிரி இடத்துக்கு ரொம்பத் தாழ்வா. முன்பக்க பட்டனுக்கு பின் நம்பர் லாக் இருந்தா அதையும் போடுங்க.

புளூடூத்தை மறந்துடாதீங்க. நெறைய ஆம்ப்ல உள்ளயே இருக்கு, பின் கேக்காம யார் போனையும் சேத்துக்கும். தேவையில்லேன்னா ஆஃப்.

ரூட்டர்ல விருந்தாளிக்கு கெஸ்ட் வைஃபை தனியா வைங்க, உள்ள இருக்கற மெஷின் எதுவும் அதுல இருந்து தெரியக்கூடாதுன்னு ஒரு செட்டிங் இருக்கும், அது ஆன்ல இருக்கணும். ரூட்டரோட சொந்த அட்மின் பாஸ்வேர்டையும் மாத்துங்க. சிங்கப்பூர்ல இருந்து நான் பாக்கணும்னு வீட்டுக்காரர் கேப்பார், அதுக்காக போர்ட் ஃபார்வர்டிங் (வெளி நெட்ல இருந்து மெஷினுக்கு நேரா வழி) திறந்து விட்டுடாதீங்க, விபிஎன் (பூட்டுப் போட்ட தனி வழி) போட்டுக் குடுங்க.

மெஷின் பின்னாடி ரீசெட் ஓட்டை ஒண்ணு இருக்கும், ஒரு ஊக்கை விட்டு அமுக்கினா எல்லாப் பாஸ்வேர்டும் பழைய நிலைக்குப் போயிடும். அதனால ராக் பூட்டியிருக்கணும். ராக்கோட வர்ற சாவி பல ராக்குக்கு ஒண்ணாவே இருக்கும், ஒரு நல்ல பூட்டா மாத்திடுங்க. செலக்டர் வகை சாதாரண ஆம்ப்ல பாஸ்வேர்டே கெடையாது, அதுக்கு இந்தப் பூட்டுதான் பாஸ்வேர்டு. செட்டிங் பேக்கப்பை ஒரு பென் டிரைவ்ல எடுத்து, பாஸ்வேர்டை பேப்பர்ல எழுதி, ரெண்டையும் கவர்ல போட்டு வீட்டுக்காரர் கையிலயே குடுத்து பெட்டகத்துல வைக்கச் சொல்லுங்க.

சோதிச்சுப் பாக்குறது

ஒருத்தர் மைக்ல நிக்கட்டும், நீங்க ஒவ்வொரு ஸோனா நடங்க, பேசினது புரியுதான்னு மட்டும் இல்ல, கேக்கக்கூடாத இடத்துல கேக்காம இருக்கான்னும் பாருங்க. அப்புறம் வீட்டுல இருக்கற ஒரு காலேஜ் பையனைக் கூப்பிட்டு கெஸ்ட் வைஃபை குடுத்து, மெஷினோட ஐபி அட்ரஸையும் குடுத்து, அரை மணி நேரம் உள்ள போயிக் காட்டுப்பான்னு விடுங்க.

பள்ளத்தூர் வீட்டுக்கு நான் திரும்பப் போய் எல்லாத்தையும் மாத்திக் குடுத்தேன், காசு வாங்கல. கடைசியா ராத்திரி பத்தரைக்கு ஆச்சி ரூம்ல கட்டிலுக்குப் பக்கத்துல முக்காலி போட்டு உக்காந்துக்கிட்டேன், பேத்தி அடுப்படி ஸோனை அமுக்கி மைக்ல பேசினா. சுவத்துக் கடிகாரம் ஓடுற சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. "பேசிட்டாளாப்பா?"ன்னு ஆச்சி கேட்டாங்க. பேசிட்டா ஆச்சின்னேன்.