நாள்பட்ட நெஞ்சுச் சளி: திருகோணமலையிலிருந்து சரியான பரிசோதனைக்கும் நிபுணரிடமும் போய்ச் சேரும் வழி

இருமலுக்குப் பக்கத்து டிஸ்பென்சரியில் மாத்திரை தருகிறார்கள், குறைகிறது. மாத்திரை முடிந்து ஒரு கிழமையில் மீண்டும் அதே இருமல், அதே மஞ்சள் சளி, மாலையானால் மேல்காய்ச்சல். இன்னொரு டிஸ்பென்சரி, இன்னொரு மாத்திரை. எங்கள் மாவட்டத்தில் பல வீடுகளில் இந்தக் கதை மாதக்கணக்கில் ஓடுகிறது. ஆள் மெலிந்து, போட்ட சட்டை தொளதொளவென்று ஆன பிறகுதான் பெரியாஸ்பத்திரிப் பேச்சே எழுகிறது.

நான் வைத்தியர் இல்லை. தம்பலகாமத்தில் வயல் செய்த என் பெரியம்மாவின் நீண்ட நெஞ்சு வருத்தத்தில் உடன் அலைந்தவன். அந்த அலைச்சலில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றுதான்: எந்தக் கிருமி என்று ஆய்வுகூடம் சொல்லும்வரை எவ்வளவு பெரிய நிபுணரும் ஊகத்தில்தான் மருந்து எழுத முடியும். ஆகவே நிபுணரைத் தேடி ஓடுவதற்கு முன் சளியைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முதன்முறையாக இந்த வேலையில் இறங்கும் குடும்பங்களுக்காக, வரிசைப்படி எழுதுகிறேன்.

முதல் படி: மார்புச் சிகிச்சை நிலையம்

இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடித்தால், முதலில் போக வேண்டிய இடம் மாவட்ட மார்புச் சிகிச்சை நிலையம். தேசிய காசநோய்க் கட்டுப்பாட்டு மற்றும் மார்பு நோய்கள் நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ் இயங்கும் இந்த நிலையங்கள் மாவட்டந்தோறும் உண்டு, திருகோணமலையிலும் உண்டு. பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம். யாருடைய கடிதமும் இல்லாமல் நேரே போகலாம். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கத்தவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் சொன்னாலும், அங்கிருந்து வழிகாட்டி அனுப்புவார்கள்.

"அங்கே போனால் சயரோகம் என்று ஊர் பேசும்" என்று பின்வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்று கண்டிவரை போய்த் தனியாரிடம் காட்டுபவர்களும் உண்டு. இந்த வெட்கம் உயிரைத் தின்கிறது. காசநோய் என்றால் பெரும்பாலும் ஆறு மாதச் சிகிச்சையில் முழுமையாகக் குணமாகும். காசநோய் இல்லை என்றால், அதை உறுதியாகச் சொல்லக்கூடிய இடமும் இதுதான். அடுத்த கதவுகளெல்லாம் அந்த ஒரு முடிவுக்குப் பிறகே திறக்கின்றன.

இரண்டாம் படி: சளி எடுப்பது

முழு வேலையிலும் வீட்டாரின் கையில் இருக்கும் பகுதி இது ஒன்றுதான். பெரும்பாலும் கெட்டுப்போவதும் இதுதான். போத்தலில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் ஆய்வுகூடம் என்னதான் செய்யும்? நெஞ்சின் அடியிலிருந்து வரும் கெட்டிச் சளிதான் வேண்டும்.

காலையில் எழுந்தவுடன், தேநீருக்கும் முன்னால் எடுங்கள். இரவு முழுவதும் தேங்கிய சளி அப்போதுதான் வெளியே வரும். வாயைக் கொதித்தாறிய நீரால் கொப்பளிக்கச் சொல்லுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதற்குக் காரணம் இருக்கிறது: காசநோய்க் கிருமியின் உறவுக் கிருமிகள் சில சாதாரணத் தண்ணீரிலேயே வாழ்கின்றன. அவை சளியோடு கலந்தால், நெஞ்சில் இல்லாத கிருமியை அறிக்கை காட்டக்கூடும். கிருமிநாசினி கலந்த வாய்கழுவியும் அந்த நேரத்தில் ஆகாது.

பிறகு முற்றத்துக்கு வாருங்கள். காற்றோட்டமுள்ள திறந்த இடம் மற்றவர்களுக்கும் பாதுகாப்பு. பெரியம்மாவைப் பின்வாசல் படியில் இருத்தி, தலையணையொன்றை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொல்வோம். மூச்சை ஆழமாக இழுத்து, சில விநாடி நிறுத்தி, மெல்ல விடுவார். நாலைந்து தடவை அப்படிச் செய்த பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல். போத்தல் விளிம்பை உதட்டோடு சேர்த்துப் பிடித்து நேரே துப்ப வேண்டும். ஒரு தேக்கரண்டி அளவு இருந்தால் போதும். மூடியை இறுக்கி, பெயரையும் திகதியையும் மூடியில் எழுதாமல் போத்தலின் பக்கத்தில் எழுதுங்கள். மூடி கழன்றால் பெயரும் போய்விடும். வெயில் படாமல் அன்று காலையே கொண்டுபோய்க் கொடுங்கள். ஒரு மாதிரி போதாது; கிளினிக்கில் சொல்லும் எண்ணிக்கையில், வெவ்வேறு நாட்களில் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, மிக முக்கியம். சளி கொடுப்பதற்கு முன் எடுத்த மாத்திரைகளின் பெயர்களைக் கட்டாயம் சொல்லுங்கள். லெவோஃப்ளொக்சசின், மொக்சிஃப்ளொக்சசின் போன்ற கிருமிக்கொல்லி மாத்திரைகள் காசநோய்க் கிருமியைக் கொஞ்ச நாள் அடக்கிவைக்கும்; நோய் ஒளிந்துகொள்ளும், பரிசோதனை முடிவும் பிழையாகும். ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

மூன்றாம் படி: அறிக்கையை விளங்கிக்கொள்வது

மூன்று வகைப் பரிசோதனைகளைப் பற்றிக் கேள்விப்படுவீர்கள்.

நுண்ணோக்கியில் பார்ப்பது ஏ.எஃப்.பி பரிசோதனை. முடிவு விரைவில் வரும். ஆனால் அது கிருமியின் குடும்பத்தை மட்டுமே காட்டும். காசநோய்க் கிருமியா, அதன் உறவா என்று பிரித்துச் சொல்லாது. கிருமி குறைவாக இருந்தால் தவறவும் விடும். ஜீன்எக்ஸ்பர்ட் என்பது கிருமியின் மரபணுவைத் தேடுவது. இயந்திரத்தில் இட்டபின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் காசநோயா என்பதையும், ரிஃபாம்பிசின் என்ற முக்கிய மருந்து வேலை செய்யுமா என்பதையும் சொல்லிவிடும். மூன்றாவது கல்ச்சர், கிருமியை வளர்த்துப் பார்ப்பது. இந்தக் குடும்பக் கிருமிகள் மெல்ல வளர்பவை. ஆறு முதல் எட்டுக் கிழமைவரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். பொறுமை தேவை, ஆனால் கடைசித் தீர்ப்பு இதுதான். நாட்டின் தேசிய காசநோய் மேற்கோள் ஆய்வுகூடம் கொழும்புக்கு அருகே வெலிசறையில் இருக்கிறது.

"நெகட்டிவ்" என்று ஒரு தாள் கிடைத்ததும் பலர் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். இருமல் மட்டும் போகவில்லை. அப்போது கேட்க வேண்டிய கேள்வி, "காசநோய் இல்லையென்றால் வேறு என்ன?" என்பது. எங்கள் பக்கத்தில் நினைத்துப் பார்க்க வேண்டியவை நான்கு.

ஏ.எஃப்.பி பொசிட்டிவ், ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ் என்று வந்தால், காசநோயல்லாத மைக்கோபக்டீரியா, அதாவது மேலே சொன்ன உறவுக் கிருமிகள், இருக்கலாம். மண்ணிலும் நீரிலும் வாழும் இக்கிருமிகள் பெரும்பாலும் ஏற்கெனவே பழுதுபட்ட நுரையீரலில் குடியேறும். எக்ஸ்ரேயும் அறிகுறிகளும் பொருந்தி, வெவ்வேறு வேளை எடுத்த இரண்டு சளிகளில் ஒரே இனம் வளர்ந்தால்தான் பொதுவாக நோய் என்று முடிவு செய்வார்கள். காசநோய் மருந்தை அப்படியே கொடுத்து இதைக் குணமாக்க முடியாது. எந்த இனம் என்று தெரிந்தாக வேண்டும்.

இரண்டாவது, மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து சளி தேங்கும் பிரொங்கியெக்டசிஸ். நாள்தோறும் கோப்பை கோப்பையாகச் சளி, அடிக்கடி காய்ச்சல். இதற்குச் சாதாரண பக்டீரியா கல்ச்சர் தனியாகச் செய்ய வேண்டும். காசநோய்க்குக் கொடுத்த சளியில் அதுவும் பார்க்கப்பட்டிருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது, முன்பு காசநோய் வந்து ஆறியவர்களின் நுரையீரல் குழிகளில் வளரும் அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சணம். மருந்து முடித்துப் பல ஆண்டுகளின் பின் சளியில் இரத்தம் வந்தால், எல்லோரும் காசநோய் திரும்பிவிட்டது என்றே பதறுகிறார்கள், பூஞ்சணத்தையும் கேளுங்கள். பூஞ்சணப் பரிசோதனைகளுக்கு கொழும்பு, பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் தனிப் பிரிவு உண்டு.

நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். மெலியோய்டோசிஸ். சேற்றிலும் வயல் தண்ணீரிலும் இருக்கும் கிருமியால் வருவது, மழைக்காலத்தில் கூடும், சீனி வருத்தம் உள்ளவர்களை எளிதில் பிடிக்கும். கந்தளாய், தம்பலகாமம், மூதூர் வயல்களில் வெறுங்காலோடு இறங்கும் நீரிழிவுக்காரர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். எக்ஸ்ரேயில் இது காசநோய் போலவே தோன்றக்கூடும். சாதாரணக் கல்ச்சரில் வளர்ந்தாலும், வேறு கிருமி என்றோ, தற்செயலாகக் கலந்தது என்றோ ஒதுக்கப்பட்டுவிடும் ஆபத்து உண்டு. அதனால் "வயல் வேலை செய்கிறவர், சீனி இருக்கிறது, மெலியோய்டோசிஸாக இருக்குமா?" என்று நீங்களே வாய்திறந்து கேளுங்கள். வைத்தியர் ஆய்வுகூடத்துக்கு அதைக் குறிப்பிட்டு அனுப்புவார். இதற்குரிய மருந்தே வேறு: குறைந்தது இரண்டு கிழமை அளவில் ஊசி, பிறகு மூன்று மாதமாவது மாத்திரை. இடையில் விட்டால் திரும்பி வரும்.

பெரியம்மாவின் முதல் அறிக்கைகளில் ஒன்றும் இல்லை. வயலையும் சீனியையும் யாரும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. ஒரு இளம் வைத்தியர் அவருடைய பாதத்து வெடிப்புகளைக் கண்டு, "அம்மா என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்ட பிறகே சரியான கல்ச்சர் போனது. அந்தக் கேள்விக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான்காம் படி: ஸ்கான்

எக்ஸ்ரே தெளிவாக இல்லாவிட்டால் நெஞ்சுக்கு எச்.ஆர்.சி.டி எனும் நுணுக்கமான சி.டி ஸ்கான் எழுதுவார்கள். தனியாரிடம் எடுத்தாலும் அரசிடம் எடுத்தாலும், அறிக்கைத் தாளோடு படங்கள் அடங்கிய சீடியையும் கேட்டு வாங்குங்கள். நிபுணர் படத்தைத்தான் பார்ப்பார். சளி வராதவர்களுக்கு மூச்சுக்குழாய்க்குள் கமரா செலுத்தி மாதிரி எடுக்கும் பிரொங்கொஸ்கொபி தேவைப்படலாம். அதைத் தீர்மானிப்பவரும் நிபுணரே.

ஐந்தாம் படி: ஒரு கோப்பு

கிளினிக் கொப்பி, வார்ட்டிலிருந்து துண்டு வெட்டும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட், எல்லாச் சளி அறிக்கைகள், எக்ஸ்ரேக்கள், சீடி ஆகியவற்றைத் திகதி வரிசையில் ஒரே கோப்பில் வையுங்கள். மேலே ஒரு பக்கத்தில் சுருக்கம்: எப்போது தொடங்கியது, எந்தெந்த மருந்து எத்தனை நாள், எடை எவ்வளவு குறைந்தது, முன்பு காசநோய் வந்ததா, சீனி, தொழில். படித்த பிள்ளை ஒருவரைக் கொண்டு அந்தப் பக்கத்தை ஆங்கிலத்திலும் எழுதுவித்துக்கொள்ளுங்கள். வெளியூர் வைத்தியருக்குத் தமிழ் தெரியாமல் போனாலும் உங்கள் கதை பிழையாகாது. அறிக்கைகளைத் தொலைபேசியில் படமெடுத்தும் வையுங்கள்.

ஆறாம் படி: நிபுணரிடம்

உங்களுக்கு வேண்டியவர் சுவாச நோய் விசேட வைத்திய நிபுணர். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும் மார்புச் சிகிச்சை நிலையத்திலும் முதலில் விசாரியுங்கள். அங்கே தீராததை மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ, கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ, வெலிசறையிலுள்ள சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலைக்கோ அனுப்பலாம். எங்கு போனாலும் பரிந்துரைக் கடிதம் கையில் இருக்கட்டும். கிளினிக் நாளைத் தொலைபேசியில் கேட்டு உறுதிப்படுத்திய பிறகே பயணம்.

வெலிசறை, கொழும்பு - நீர்கொழும்பு வீதியில் இருக்கிறது. ரயிலில் போகிறவர்கள் கொழும்புக் கோட்டைவரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. ராகமை நிலையம் கிட்ட. ரயில் அங்கே நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். சிங்களம் தெரிந்த ஒருவர் கூட வந்தால் வரிசைகளில் தடுமாற்றம் இருக்காது. இருமல் உள்ளவர் முகக்கவசம் அணிந்து, ஜன்னலோரம் அமரட்டும்.

தனியாரில் சானலிங் செய்து, அதாவது காசு கட்டி நேரம் பதிந்து, நிபுணரைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் கோப்பு இல்லாமல் போய்ப் பயனில்லை: அந்தச் சில நிமிடங்கள் மீண்டும் ஒரு மாத்திரைச் சீட்டோடு முடிந்துவிடும். சானலிங்கில் பார்த்த நிபுணரிடமே, "அரசாங்கக் கிளினிக்கில் தொடர்ந்து காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். நீண்ட மருந்துச் செலவைத் தாங்க அது உதவும்.

உள்ளே போனதும் பதற்றத்தில் எல்லாம் மறந்துவிடும். கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என்ன கிருமி? கல்ச்சரில் எந்த மருந்து வேலை செய்கிறது என்று பார்த்தாயிற்றா? எத்தனை மாதம் மருந்து? அடுத்த சளிப் பரிசோதனை எப்போது?

ஏழாம் படி: மருந்து தொடங்கிய பிறகு

காசநோயல்லாத மைக்கோபக்டீரியாவில் எம்.ஏ.சி என்ற வகைக்கு, சளியில் கிருமி மறைந்த பிறகும் பொதுவாக ஒரு ஆண்டு மருந்து தொடரும். பல மருந்துகளைச் சேர்த்தே கொடுப்பார்கள். அவற்றுள் ஒன்றான அசித்ரோமைசினை மட்டும் தனியே நீண்ட நாள் எடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும், பிறகு அந்த நல்ல மருந்து கைவிட்டுப்போகும். அந்தச் சேர்க்கையில் எதம்பியூட்டோல் எடுப்பவர்கள் பார்வை மங்கினாலோ, நிறம் மாறித் தெரிந்தாலோ அன்றே சொல்ல வேண்டும். ரிஃபாம்பிசின் எடுத்தால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும்; அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் அது சில சீனி மாத்திரைகளின் வேலையையும் கருத்தடை மாத்திரையின் வேலையையும் குறைக்கும் என்பதால், வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்பதை மறைக்காதீர்கள். கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால் மாத்திரை தந்த இடத்துக்கு உடனே போங்கள்.

சளி தேங்கும் நோயென்றால் மருந்தோடு சேர்த்துச் சுவாசப் பயிற்சியும் கேளுங்கள். இயன்மருத்துவப் பிரிவில் சளியை வெளியேற்றும் முறையைச் சொல்லித் தருவார்கள். காலை, மாலை செய்பவருக்கும் செய்யாதவருக்கும் உள்ள வித்தியாசம் இருமலிலேயே தெரியும்.

கோப்பை நிறைய இரத்தமாக இருமினாலோ, பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினாலோ, கடும் காய்ச்சலில் ஆள் தடுமாறினாலோ கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணம் இல்லை. வண்டி வருவதற்குள் அறிக்கைகள் உள்ள கோப்பை எடுத்து வாசலில் வைத்துவிடுங்கள்.