சென்னைக்குக் குடிவருகிறீர்களா? சிம் வாங்கும் முன் கையிலுள்ள போனைப் பாருங்கள்

சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று எங்கெங்கோ இருந்துவிட்டு சென்னைக்குக் குடிவருகிற நம்மவர்கள் வாடகை வீடு, பள்ளிக்கூடம், கேஸ் இணைப்பு எல்லாவற்றையும் முன்கூட்டியே விசாரித்துவிடுகிறார்கள். போனைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. "அதான் கையில் நல்ல போன் இருக்கிறதே, இங்கே ஒரு சிம் போட்டால் போயிற்று" என்ற நினைப்புதான். இந்த ஊரில் வங்கிக் கணக்கு, யுபிஐ, ரயில் டிக்கெட் என்று எல்லாமே ஓடிபியை நம்பித்தான் ஓடுகின்றன. போன் படுத்தால் நாமும் படுத்தோம்.

நான் அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது அங்கே வாங்கிய போனையே வைத்திருந்தேன். சிம் போட்டதும் நெட் பறந்தது. ஆனால் யாருடனாவது பேச ஆரம்பித்த நொடியில் நெட் நின்றுவிடும். ஆட்டோக்காரர் வழி கேட்டு அழைப்பார். பேசிக்கொண்டே வரைபடம் பார்க்க வழியில்லை. கடையில் இரண்டு முறை சிம்மை மாற்றிக் கொடுத்தார்கள், பலன் இல்லை. அழைப்பின்போது சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் 4ஜி மறைந்து 'ஈ' என்ற ஆங்கில எழுத்து வருவதை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். அந்த எழுத்து வந்தால் போன் 2ஜிக்கு இறங்கிவிட்டது என்று பொருள். சிம்மில் குறை இல்லை. 4ஜியிலேயே பேச உதவும் வோல்ட்டி வசதி, என் போனில் இந்திய நிறுவனங்களுக்குத் திறக்கப்படவில்லை.

நீங்கள் வந்த நாட்டின் பழக்கத்தை வைத்து இங்கே கணக்குப் போட்டால் தப்பாகும். சிங்கப்பூரில் 2017-இல் 2ஜியை மூடினார்கள், 2024-இல் 3ஜியையும் மூடினார்கள். ஆஸ்திரேலியாவிலும் அதே வரிசைதான்: முதலில் 2ஜி, பிறகு 2024 அக்டோபரில் 3ஜி. இந்தியாவில் அது தலைகீழ். ஏர்டெல் 2019-இல் கொல்கத்தாவில் தொடங்கி 3ஜியை மூடிவிட்டது. வோடஃபோன் ஐடியாவும் தன் 3ஜி அலைக்கற்றையை (போன் சிக்னல் பயணிக்க ஒதுக்கப்பட்ட ரேடியோ அலைகளை) 4ஜிக்குத் திருப்பியது. 2ஜி மட்டும் இன்றும் உயிரோடு இருக்கிறது. (மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கேயும் 2021 முடிவில் 3ஜியைத்தான் முதலில் மூடினார்கள்.)

காரணத்தைச் சென்னைக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். அலைக்கற்றை என்பது மனை மாதிரி. புதிதாக உண்டாக்க முடியாது, இருப்பதைத்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு 3ஜி அலைவரிசைக்கு 5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும், அதாவது முழுக் கிரவுண்டு மனையையும் கேட்கிற வீடு. ஒரு 2ஜி அலைவரிசைக்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும், தெருமுனைப் பெட்டிக்கடை அளவுதான். கடையை ஓரமாக விட்டுவைத்து, வீட்டை இடித்து, அந்த இடத்தில் 4ஜி என்ற அடுக்குமாடியை எழுப்பினால் அதே மனையில் பல மடங்கு பேர் குடியிருக்கலாம். அதைத்தான் செய்தார்கள். கூடவே, நாட்டில் பட்டன் போன் வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். 2020 ஜூலையில் முகேஷ் அம்பானி 2ஜியில் மாட்டிக்கொண்டவர்கள் 30 கோடிப் பேர் என்று சொல்லி, அதற்கு முடிவு கட்ட வேண்டும் என்றார். அவருடைய ஜியோ 2016 செப்டம்பரில் 4ஜியோடு மட்டுமே தொடங்கிய நிறுவனம். மற்றவர்களுக்கு 2ஜி வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள், அவர்களைத் திடீரென்று கைவிட முடியாது. எனக்கும் 2ஜியை அவசரமாக மூடுவதில் உடன்பாடு இல்லை. கிராமத்தில் பட்டன் போனோடு தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கு அதுதான் பிள்ளைகளின் குரல்.

இதை உங்கள் போனுக்குப் பொருத்திப் பாருங்கள். வோல்ட்டி இல்லாத போனில் ஜியோ சிம் போட்டால், இறங்குவதற்கு 2ஜியும் இல்லை, 3ஜியும் இல்லை. சாதாரண அழைப்பு போகவே போகாது. ஏர்டெல் போன்றவற்றில் பேச முடியும், ஆனால் 2ஜிக்கு இறங்கித்தான். எனக்கு நடந்தது இதுதான். ஆகவே சிம் போட்டதும் முதல் வேலையாக ஒருவரை அழைத்து, பேசிக்கொண்டே திரையின் மேல்பகுதியைப் பாருங்கள். 4ஜி அப்படியே இருந்தால் பிரச்சினை இல்லை. மாறினால் செட்டிங்ஸில் வோல்ட்டியைத் தேடுங்கள், மென்பொருளைப் புதுப்பியுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் இங்கேயே ஒரு போன் வாங்கிவிடுவது நல்லது. வெளிநாட்டு நிறுவனம் தன் சிம்மை மட்டுமே ஏற்கும்படி பூட்டுப் போட்ட போனை அங்கேயே திறந்துகொண்டு வாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் மின்னணுக் கடைகளில் திறந்துகொள்ளலாம் என்று நம்பி விமானம் ஏறாதீர்கள்.

அடுத்தது பேண்ட் எண்கள், அதாவது போன் எந்தெந்த அலைவரிசைகளில் இயங்கும் என்று சொல்லும் எண்கள். போனின் பெட்டியிலோ தயாரிப்பாளரின் தளத்திலோ 4ஜிக்கு 1, 3, 5, 8, 40 இருக்கிறதா என்று பாருங்கள். ஜியோ 3, 5, 40-இல் ஓடுகிறது. வெளிநாட்டில் வாங்கிய சில பழைய மாடல்களில் 40 இருக்காது, நெரிசலான நேரத்தில் அந்தக் குறை தெரியும். 5ஜிக்கு முக்கியமானது 78, ஜியோவுக்கு 28-உம் சேர்த்து. 28 என்பது 700 மெகாஹெர்ட்ஸ், 2022 ஏலத்தில் அதை வாங்கிய ஒரே நிறுவனம் ஜியோதான்.

வீட்டையும் பார்க்க வேண்டும். 5ஜியின் 3.3 கிகாஹெர்ட்ஸ் அலையில் நெட் வேகம் அதிகம், ஆனால் அது கான்கிரீட் சுவரைத் துளைப்பதில் மோசம். 900 மெகாஹெர்ட்ஸ் மாதிரியான தாழ்ந்த அலை உள்ளறை வரை வரும். ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலையில்) உயரமான அடுக்குமாடி ஒன்றில் வீடு பிடிக்கப் போகிறீர்கள் என்றால், பால்கனியில் நின்று சிக்னல் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். படுக்கையறையில் கதவைச் சாத்திப் பாருங்கள், கார் நிறுத்துமிடத்திலும் பாருங்கள். நிறுவனங்கள் 2ஜி, 4ஜி, 5ஜி எங்கெங்கே கிடைக்கும் என்று தத்தம் தளங்களில் வரைபடம் போட்டிருக்கின்றன. அதையும் பாருங்கள், ஆனால் அது உங்கள் படுக்கையறைக்குள் வந்து பார்த்துப் போட்டதில்லை.

'2ஜி' என்றதும் சென்னையில் யாருக்கும் அலைக்கற்றை ஒதுக்கீட்டு வழக்குதான் ஞாபகம் வரும். அலைக்கற்றை என்ற சொல்லே அப்போதுதான் டீக்கடை வரை வந்தது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. அலைக்கற்றையை ஏலத்தில் விடவேண்டும் என்பதும் அதன்பின் உறுதிப்பட்டது. ஏலத்தில் எடுத்தால் 20 ஆண்டு உரிமை. நிறுவனம் போனாலும் அலைக்கற்றை கைமாறி இன்னொருவரிடம் உயிர் வாழும். தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் நிறுவனம் 2018-இல் திவால் மனு போட்டது. அதற்கு முன்பே, 2016-இல், அதன் 2300 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஏர்டெல் வாங்கிவிட்டது.

ஏர்செல் நின்றபோது எண்ணை மாற்றிக்கொள்ள சென்னை மக்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்: வீட்டில் இரண்டு பேர் இருந்தால் இரண்டு வெவ்வேறு நிறுவனம் எடுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமும் போய், டவர்களும் போய், உறவுகளைத் தேடித் தவித்த ஊர் இது.

பழைய இந்திய சிம் பெட்டியில் கிடக்கிறதா? 90 நாள் பயன்படுத்தாமல் இருந்தாலே எண்ணை நிறுத்திவிடலாம் என்பது விதி. இன்னும் உயிரோடு இருந்தால் கடையில் கொடுத்து 4ஜி சிம்மாக மாற்றிக்கொள்ளுங்கள். நிறுவனம் பிடிக்கவில்லை என்றால் எண்ணை விடவேண்டாம், 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி எண்ணோடு மாறலாம். ஊரில் இருக்கும் அப்பாவின் பட்டன் போனையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அது 2ஜி மட்டும்தான் என்றால், அடுத்த முறை போகும்போது வோல்ட்டி உள்ள பட்டன் போன் ஒன்று வாங்கிப் போங்கள். அவருக்குப் பழகிய பட்டன்கள் அப்படியே இருக்கும்.