செமஸ்டர் லீவில் குமரிக் கடற்கரைக்கு வருகிறீர்களா? இறங்கும் முன் இதைப் படியுங்கள்

ஏப்ரல், மே வந்தால் பரீட்சை முடிந்த கையோடு வேன் பிடித்துக் கன்னியாகுமரி கிளம்புகிற மாணவர்கள் ஏராளம். விடியற்காலை சூரிய உதயம், அப்புறம் விவேகானந்தர் பாறை, மத்தியானத்துக்கு மேல் சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம், லெமூர் என்று ஏதாவது ஒரு கடற்கரை. தாராளமாக வாருங்கள். ஆனால் ஒன்றை வேனில் ஏறும்போதே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: காற்றே இல்லாமல் வெயில் பளீரென்று அடிக்கிற நாளிலும் எங்கள் கடல் ஆளை இழுக்கும், அதுவும் உங்களுக்கு லீவு விடுகிற இதே மாதங்களில்.

இதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயல் கிளப்பிவிட்ட அலை சில நாள் பயணம் செய்து நம் கரைக்கு வந்து சேரும். புயல் அங்கே, அலை இங்கே. அதனால் மேகமோ காற்றோ பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். கள்ளக்கடல் எச்சரிக்கை சொல்லியிருந்த நேரம் அது.

எனவே கிளம்பும் முன்தினம் ராத்திரியும் அன்று காலையும் செய்தியைப் பாருங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் மையம் எச்சரிக்கை விடும், அது உள்ளூர்ச் செய்திகளில் 'நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை' என்று வரும். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் குமரி மாவட்டத்துக் கடற்கரை முழுக்க அன்றைக்கு வேண்டாம் என்று அர்த்தம். ஒரு பீச்சில் தடுப்பு போட்டிருக்கிறார்கள் என்று தென்னந்தோப்பு வழியாகச் சுற்றிப் போய் இறங்குவதோ, பக்கத்து பீச்சுக்கு வண்டியைத் திருப்புவதோ கூடாது. கடல் ஒன்றுதான். திற்பரப்பு, பத்மநாபபுரம் அரண்மனை, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று அன்றைய நாளை மாற்றிக்கொள்ளுங்கள், மாவட்டத்தில் பார்க்க இடமா இல்லை?

எச்சரிக்கை எதுவும் இல்லையா, சரி, கரைக்கு வந்ததும் முதலில் வலை பின்னிக்கொண்டிருக்கிற, வள்ளத்துப் பக்கம் நிற்கிற யாரிடமாவது கேளுங்கள். "அண்ணே, கடல் எப்படி இருக்கு, இறங்கலாமா?" அவ்வளவுதான். "இன்னைக்கு வேண்டாம் மக்கா" என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. தினமும் அதே கரையில் நிற்கிறவர் அவர், நீங்கள் வந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து கடலைப் பாருங்கள், கால் மணி நேரமாவது. மணலில் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். இப்போது வருகிற அலை அந்த ஈரக் கோட்டுக்கு ரொம்பக் கீழேயே நின்றுவிடுகிறது என்றால் சற்று முன் பெரிய அலை வந்து போயிருக்கலாம், அது திரும்பவும் வரும். பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டுத்தான் வரும். இரண்டாவது, அலை எல்லா இடத்திலும் வெள்ளையாக உடையும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் உடையாமல், கொஞ்சம் கருத்து, அமைதியாகத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் அலை இல்லையே என்று நேராக அங்கேதான் இறங்குவார்கள். கரையில் ஏறின தண்ணீர் எல்லாம் கடலுக்குள் திரும்பிப் போகிற வழி அது. நுரையும் கலங்கின மணலும் உள்ளே போவதைக் கவனித்தால் தெரிந்துவிடும். கல் கொட்டிக் கட்டியிருக்கிற தூண்டில் வளைவுகளை ஒட்டியும் இந்த இழுப்பு இருக்கும், அதன் பக்கத்தில் குளிக்கவே வேண்டாம்.

கால் மட்டும் நனைக்கிறோம் என்பதை நம்பாதீர்கள். இங்கே பல இடங்களில் கரை சரிவாக இறங்கும். அலை திரும்பும்போது பாதத்துக்கு அடியில் மணல் அரித்துக்கொண்டு போகும், குதிகால் முதலில் புதையும், உடம்பு தானாகச் சாயும், அந்த நேரத்தில் அடுத்த அலை வந்தால் முடிந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம், கடலுக்கு முதுகைக் காட்டி செல்ஃபி வேண்டவே வேண்டாம். முட்டத்துப் பாறைகளில் நனைந்து பாசி பிடித்த இடத்தில் கால் வைக்காதீர்கள்.

இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து நீந்தாதீர்கள். அது ஆளை உள்ளே கொண்டுபோகுமே தவிர அடியில் அமுக்காது, எதிர்த்து நீந்திக் களைத்துப்போய்த்தான் மூழ்குகிறார்கள். மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுங்கள். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், அலை உடைகிற இடம் வந்ததும் அதோடு கரைக்குத் திரும்புங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. நண்பன் மாட்டிக்கொண்டான் என்று வெறுங்கையோடு குதிக்காதீர்கள், ஒருவரோடு முடிய வேண்டியது இரண்டு மூன்றாவது இப்படித்தான். கைகோத்துச் சங்கிலி மாதிரி இறங்குவதும் அதே ஆபத்து. வேனில் இருக்கிற காலித் தண்ணீர் கேனை மூடி இறுக்கி ஒரு நீளமான கயிற்றோடு கரைக்கே கொண்டுவந்து வையுங்கள். அதைத் தூக்கிப் போடுங்கள், மீனவர்களைச் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள், ஒருவர் 112-க்கோ கடலோரக் காவல் குழுமத்தின் 1093-க்கோ அடிக்கட்டும், இன்னொருவர் மாட்டியவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்கட்டும். மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்த மாட்டார். தலை பின்னால் சாய்ந்து வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும், விளையாடுகிறான் என்று நினைத்துவிடுவோம். அதனால் இருவர் இருவராகச் சேர்த்துவிட்டு, ஒருவரையாவது கரையிலேயே நிறுத்துங்கள்.

குடித்தவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. இருட்டின பிறகு யாருமே கூடாது. விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகில் கொடுக்கிற லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வைத்திருக்காமல் போட்டுக் கட்டுங்கள்.

தூக்கிவந்தவருக்கு மூச்சு இல்லை என்றால் வயிற்றை அமுக்குவது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எதுவும் செய்யாதீர்கள். மல்லாத்திப் படுக்க வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து 5 முறை ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 அழுத்தம், 2 மூச்சு, மறுபடியும் 30, 2. நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், 5 செ.மீ. ஆழம் இறங்கும்படி, 108 வந்து கையில் வாங்கும்வரை நிறுத்தாமல். இருமி எழுந்து உட்கார்ந்து 'எனக்கு ஒன்றும் இல்லை' என்றாலும் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், நுரையீரலில் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சு முட்டும்.