தெர்மாகோல் பெட்டியில் நாட்டுக்கோழி, காடைக் குஞ்சு பொரிப்பு: கடைசி 3 நாளில் குஞ்சு சாகாமல் இருக்க

ஏழாம் நாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் எல்லா முட்டையிலும் நரம்பு ஓடியிருக்கும். இருபதாம் நாள் முழுதாக வளர்ந்த குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துக் கிடக்கும். புதிதாக இன்குபேட்டர், அதாவது குஞ்சு பொரிக்கும் பெட்டி வைப்பவர்களின் பெரிய புலம்பல் இதுதான். உடனே எல்லோரும் வெப்பத்தைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஈரப்பதம். அதனால் மற்ற படிகளைச் சுருக்கி, அந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

முட்டை

நாட்டுக்கோழியில் 8 முதல் 10 பெட்டைக்கு ஒரு சேவல், காடையில் இரண்டு மூன்று பெட்டைக்கு ஒரு ஆண். இட்டு 7 நாளுக்கு மேலான முட்டையை வைக்காதீர்கள். கோடையில் அறையிலேயே 35 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பெட்டிக்குப் போகும் முன்பே செத்துவிடும். ஈர மணல் மேல் மண்சட்டி, அதற்குள் உலர்ந்த துணி, அகலமான முனை மேலே இருக்கும்படி முட்டை. பாட்டிமார் வழிதான், இன்றைக்கும் அதற்கு ஈடில்லை. ஃப்ரிட்ஜ் வேண்டாம், அந்தக் குளிர் அதிகம். முட்டையைக் கழுவவும் வேண்டாம். கழுவினால் மேல்பூச்சு போய்க் கிருமி உள்ளே இறங்கும்.

பெட்டி

மீன் ஏற்றிவரும் தெர்மாகோல் பெட்டி, சுவர் ஒன்றரை அங்குலமாவது இருக்கட்டும். 40 வாட் குண்டு பல்ப் இரண்டை இணையாகக் கொடுங்கள். ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது கொஞ்சம் காப்பாற்றும். பல்ப் தெர்மாகோலில் இருந்து நான்கு அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். சுற்றிலும் தகர மறைப்பு கட்டாயம். 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று. அதை, சூட்டைப் பார்த்து பல்பை ஏற்றி அணைக்கும் கன்ட்ரோலர் வழியாகக் கொடுக்காதீர்கள், எந்நேரமும் ஓட வேண்டும். பென்சில் பருமனில் கீழே இரண்டு துளை, மேலே இரண்டு. 230 வோல்ட் வேலை தெரியாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

கன்ட்ரோலருக்கு டபிள்யூ 1209 போதும், விலை குறைவு. ஆனால் அதில் பல்பை ஏற்றி அணைக்கும் சுவிட்சான ரிலே தேயும், கூடுதலாக ஒன்று வாங்கி வையுங்கள். செட் பட்டனை 5 விநாடி அழுத்தினால் மெனு வரும். பி0 என்பது கம்பெனியில் இருந்து வரும்போது சி, அதாவது குளிரூட்டும் முறையில் இருக்கும். அப்படியே விட்டால் பல்ப் எரியவே எரியாது. போர்டு பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். அதை ஹெச், அதாவது சூடாக்கும் முறைக்கு மாற்றுங்கள். பி1 இல் 2 இருக்கும், 0.2 ஆக்குங்கள். இல்லாவிட்டால் 2 டிகிரி இறங்கிய பிறகுதான் பல்ப் எரியும். வெப்பம் 37.7. சென்சாரை முட்டையின் மேல்மட்ட உயரத்தில், பல்ப் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். பக்கத்திலேயே டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரை வைத்து ஒப்பிட்டு, வித்தியாசத்தை பி4 இல் சரி செய்யலாம். முட்டை வைக்கும் முன் 24 மணி நேரம் காலியாக ஓடட்டும்.

ஈரப்பதம்

முதலில் ஈரப்பதம் காட்டும் மீட்டரையே நம்பாதீர்கள். ஒரு மூடியில் சமையல் உப்பைக் கொட்டி, சேறு போல நனைத்து, மீட்டரோடு காற்றுப் புகாத டப்பாவில் 8 மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மீட்டர் 7 குறைவாகச் சொல்கிறது.

முதல் 18 நாள் 45 முதல் 55 சதவீதம். இங்கேதான் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். கடலோர ஊரில் மழைக்காலத்தில் அறை 28 டிகிரி, ஈரப்பதம் 80 என்று வைத்துக்கொள்வோம். அதே காற்று பெட்டிக்குள் 37.5க்குச் சூடானதும் சுமார் 47க்கு இறங்கிவிடும். தண்ணீர்க் கிண்ணமே தேவையில்லை. உள் மாவட்டத்தில் கோடைப் பகல், அறை 35 டிகிரி, ஈரப்பதம் 35 என்றால் உள்ளே 30தான் இருக்கும். அங்கே அகலமான தட்டு வேண்டும். தண்ணீரின் ஆழம் பயன் தராது, பரப்புதான் கணக்கு. மருந்துக்கடையில் சலைன் டியூப் வாங்கி மூடி வழியாகத் தட்டுக்கு விட்டால், வெளியிலிருந்தே சிரிஞ்சால் ஊற்றலாம்.

மீட்டரைவிட நம்பகமானது தராசு. வைக்கும் நாளில் 10 முட்டையைச் சேர்த்து எடை போடுங்கள். 450 கிராம் என்றால், 18ஆம் நாளில் ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்து 396க்கு வர வேண்டும், அதாவது நாளுக்கு 3 கிராம். ஏழாம் நாள் 429 இருந்தால் சரி. 440 என்றால் ஈரம் அதிகம்: அகலமான முனையில் உள்ள காற்றறை சிறுத்து, குஞ்சு ஊதி, கடைசியில் மூச்சுவிட இடமில்லாமல் சாகும். தட்டை எடுங்கள், துளைகளைத் திறந்துவிடுங்கள். 420 என்றால் ஈரம் குறைவு: உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

திருப்புதல், வெளிச்சம்

பென்சிலால் ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். ஒரு நாளைக்கு 3 அல்லது 5 முறை திருப்புங்கள். ஒற்றைப்படை என்றால் தினமும் இரவில் அதே பக்கமே கிடக்காது. ஏழாம் நாள் நரம்பு தெரியாத முட்டை கூமுட்டை, வெளியே எடுங்கள். காடை முட்டையில் புள்ளி மறைக்கும், கின்னிக்கோழி முட்டையில் ஓடு தடிமன். இவற்றைப் பத்தாம் நாள் பாருங்கள்.

கடைசி 3 நாள்

கோழிக்கு 21 நாள், காடைக்கு 17, கின்னிக்கோழிக்கு 26 முதல் 28, வான்கோழிக்கு 28. கோழிக்கு 18ஆம் நாள், காடைக்கு 14ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 70 ஆக்குங்கள். தட்டில் நனைத்த ஸ்பாஞ்ச் வைத்தால் ஏறிவிடும். முட்டைக்கடியில் சொரசொரப்பான துணி விரியுங்கள். செய்தித்தாளில் கால் வழுக்கி அகன்றுவிடும்.

பிறகு மூடியைத் திறக்காதீர்கள். ஒரு முறை திறந்தால் ஈரம் சட்டென்று இறங்கி, ஓட்டை கொத்தத் தொடங்கிய குஞ்சின் சவ்வு காய்ந்துவிடும். முதல் விரிசலுக்கும் வெளியே வருவதற்கும் 12 முதல் 24 மணி நேரம் ஆகும். இடையில் மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும். மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது. பாவம் பார்த்து ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும். வெளியே வந்த குஞ்சுக்கு இரண்டு நாள் தீனி இல்லாவிட்டாலும் தாங்கும், உடல் காயட்டும்.

பிறகு சேர்த்தவை

காடையையும் கோழியையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கோழி முட்டை வைத்து நான்காம் நாள் காடை முட்டையை வையுங்கள், இரண்டும் சேர்ந்தே பொரிக்கும். குஞ்சுகளைத் தனித்தனியாக வளர்க்கவும். காடைக்குஞ்சு தண்ணீர்த் தட்டில் மூழ்கிச் சாகும், கூழாங்கல் போட்டு வையுங்கள்.

மின்வெட்டு: தண்ணீர் நிரப்பிய பாட்டில் இரண்டை எப்போதும் உள்ளே போட்டு வைத்தால் சூடு மெல்ல இறங்கும். பெட்டியைப் போர்வையால் மூடுங்கள், துளைகளை அடைத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரக் குளிரைக் கரு தாங்கும். சூடு 40ஐத் தாண்டினால்தான் ஆபத்து.

கௌதாரி, மயில் முட்டையை வயலில் எடுத்து வந்து வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். பண்ணையில் வளர்க்கும் ஜப்பானியக் காடையின் முட்டையைக் காசு கொடுத்து வாங்குங்கள்.