சேர்ந்து தேடப்படும் பதிவுகளை வட்டில் சேர்த்து வைக்கும் முறை

சிங்கப்பூரின் தேக்காவிலுள்ள ஒரு மளிகைக் கடையின் விற்பனைப் பதிவுகள் வந்த வரிசையிலேயே கணினி வட்டில் எழுதப்பட்டால், ஒரே வாடிக்கையாளர் வாங்கிய 40 பொருள்களின் பதிவுகள் 40 பக்கங்களில் (வட்டிலுள்ள நிலையான அளவுப் பகுதிகளில்) சிதறிக் கிடக்கக்கூடும். ஒரு பதிவைக் கேட்டாலும் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் 8 கிலோபைட் பக்கத்தை முழுதாகப் படிப்பதால், இந்தச் சிதறலே தேடலைத் தாமதப்படுத்துகிறது.

ஓர் அட்டவணையை ஒரே வரிசையில்தான் அடுக்க முடியும் என்பதால், எந்தத் தேடல் மிகுதியாக நடக்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். பிறகு வாடிக்கையாளர் எண், தேதி ஆகிய இரண்டையும் சேர்த்து ஒரு இண்டெக்ஸ் (தேடலுக்கான சுட்டுப்பட்டியல்) உருவாக்கி, பதிவுகளை அதன் வரிசையில் வட்டில் மாற்றி எழுதும் ‘கிளஸ்டர்’ கட்டளையையும் அடுத்து அட்டவணையின் புள்ளிவிவரங்களைப் புதுப்பிக்கும் ‘அனலைஸ்’ கட்டளையையும் இயக்குங்கள். கிளஸ்டர் முடியும்வரை அந்த அட்டவணையைப் படிக்கக்கூட இயலாது. ஆகவே கடை அடைத்த பிறகே இதைச் செய்யுங்கள். புதிய பதிவுகள் இந்த வரிசைக்குள் தாமாக வந்து அமர்வதில்லை என்பதால், அவ்வப்போது மீண்டும் இயக்க வேண்டும்.